சுவருக்கு என்ன நிறம்? வடக்கு, கிழக்கு வீடுகளின் வர்ணமும் உள்ளலங்காரமும்

மீள்குடியேறிய கிராமம் ஒன்றின் ஊடாகப் போனால், ஒரு வீடு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை அதன் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். சில வீடுகள் சீமெந்துக் கல் தெரிய, பூச்சு இல்லாமல் நிற்கும். சில வீடுகளுக்கு உள்ளே மட்டும் பூச்சு இருக்கும். இன்னும் சிலவற்றில் வீதியைப் பார்த்த முன்சுவருக்கு மட்டும் வர்ணம் அடித்திருப்பார்கள். பக்கச் சுவர்கள் சாம்பல் நிறச் சீமெந்தாகவே இருக்கும். நான்கு பக்கமும் வர்ணம் அடித்து, மதிலும் கட்டி, கேற்றும் போட்ட வீடு என்றால் அங்கே ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கக்கூடும் என்று ஊரவர்கள் சொல்வார்கள்.

வீட்டு வர்ணம் வசதி படைத்தவர்களின் விடயம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் எமது பகுதிகளில் அது வெப்பத்தோடும், மின்கட்டணத்தோடும், பிள்ளைகளின் உடல்நலத்தோடும், கடனோடும் தொடர்புடையது. சுவரில் தொங்கும் படங்களோடும் அதற்குத் தொடர்பு உண்டு. இன்று உலகிலும் இலங்கையிலும் உள்ளலங்காரத்தில் காணப்படும் போக்குகளை, எமது வீடுகளுக்கு எவை பொருந்தும் என்ற கேள்வியோடு சேர்த்துத் தருகிறது இந்தக் கட்டுரை.

சுண்ணாம்பு, காவி, நீலம்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கும் நிலம். எனவே சுவருக்கு வேண்டியது நிலத்திலிருந்தே கிடைத்தது. கல்லைச் சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பே சாந்தாகவும், பூச்சாகவும், வெள்ளையாகவும் பயன்பட்டது. 'வீட்டுக்கு வெள்ளை அடித்தல்' என்ற சொல்லே அப்படி வந்ததுதான். வெள்ளை பளிச்சென்று தெரிய அதில் கொஞ்சம் நீலம் கரைப்பார்கள். சுவரின் அடிப்பகுதியில் சேறு தெறிக்கும் இடத்துக்குக் காவி பூசுவார்கள். கோயில் மதிலின் வெள்ளையும் காவியும் இதே முறைதான்.

பழைய நாற்சார் வீடுகளில் நடுவே திறந்த முற்றம், சுற்றிவர விறாந்தை, பனஞ்சலாகையின் மேல் ஓடு, உட்பக்கம் குளிர்ச்சியான அறைகள் என்ற அமைப்பு இருந்தது. தரை சாணி மெழுகியதாகவோ, பின்னாளில் சிவப்புச் சீமெந்தாகவோ இருந்தது. சீமெந்தோடு செம்மண் நிற இரும்பு ஒக்சைட்டைக் கலந்து இழைத்த அந்தத் தரை, காலால் நடக்க நடக்க மினுங்கும். இன்றும் இடிந்து கிடக்கும் பல வீடுகளில் கூரை இல்லை, கதவு இல்லை; சிவப்புத் தரை மட்டும் புல்லுக்குள் மிஞ்சியிருக்கிறது.

சுண்ணாம்பின் வேலைத் தன்மையைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வது நல்லது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொக்சைட்டை உறிஞ்சி மீண்டும் கல்லாகிறது. அதனால் அது சுவரின் மேல் தோல் போல ஒட்டி நிற்காமல், சுவரோடு சேர்ந்து இறுகுகிறது. சுவருக்குள் இருக்கும் ஈரம் அதனூடாக வெளியேறும். அதன் காரத்தன்மை காரணமாகப் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. குறைபாடு என்னவென்றால், தொட்டால் கையில் ஒட்டும். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும்.

போருக்குப் பிந்திய வீடு

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990இல் போரோடு நின்றது. தொடர்ந்து வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் சீமெந்து என்பது கனவுப் பொருளாக இருந்தது. கிடுகும் தகரமும் தறப்பாளும்தான் பலருடைய வீடு. அந்த வயதில் வளர்ந்தவர்களுக்கு 'உள்ளலங்காரம்' என்ற சொல்லே அந்நியமாகப் படுவதில் வியப்பில்லை.

2009க்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் பெரும்பகுதி திட்ட வீடுகள். இந்திய அரசின் உதவியிலான 50,000 வீட்டுத் திட்டத்தில் 46,000 வீடுகள் வடக்கு, கிழக்குக்கு ஒதுக்கப்பட்டன. பயனாளிகளே கட்டிக்கொள்ளும் முறையில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. வீட்டின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. அந்தத் தொகைக்குள் அத்திவாரத்திலிருந்து கூரை வரை முடிப்பதே பலருக்குப் போராட்டமாக இருந்தது. பூச்சுக்கும் யன்னலுக்கும் தரைக்கும் நகையை அடகு வைத்தவர்களும், நுண்கடன் எடுத்தவர்களும் உண்டு. வர்ணம் என்பது கடைசிக்குத் தள்ளப்பட்டது. அது நியாயமான முடிவும்கூட.

2016இல் 65,000 இரும்பு வீடுகளை அமைக்கும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. ஒரு வீட்டுக்கு 21 இலட்சம் ரூபா என்று மதிப்பிடப்பட்டது. வன்னி வெயிலுக்கு இரும்புச் சுவர் பொருந்துமா, பின்னாளில் ஓர் அறையைக் கூட்டிக் கட்ட முடியுமா, ஊர் மேசனால் அதைத் திருத்த முடியுமா என்ற கேள்விகளை மக்களும் பொறியியலாளர்களும் எழுப்பினார்கள். அத்திட்டம் முன்மொழியப்பட்டவாறு நடைபெறவில்லை. வீடு என்பது நான்கு சுவர் மட்டுமல்ல, அதற்குள் இருப்பவர்கள் அதைத் தங்கள் கையால் மாற்றிக்கொள்ளவும் முடிய வேண்டும் என்பது அந்த விவாதத்தில் வெளிப்பட்ட முக்கியமான விடயம். சுவருக்கு நிறம் தெரிவு செய்வது அந்த உரிமையின் மிகச் சிறிய வடிவம்.

இப்போது என்ன போக்கு?

உலக அளவில் நிறப் போக்கைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் வர்ண நிறுவனங்களும் நிற ஆலோசனை நிறுவனங்களும்தான். பன்ரோன் நிறுவனம் 2000ஆம் ஆண்டு முதல் 'ஆண்டின் நிறம்' என்று ஒன்றை அறிவித்து வருகிறது. 2021இல் சாம்பலும் மஞ்சளும், 2023இல் செஞ்சிவப்பு, 2024இல் பீச் பழ நிறம், 2025இல் மண்ணிறம் கலந்த கோப்பி நிறம் என்று அது மாறி வந்தது. 2026க்கு அது தெரிவு செய்தது வெள்ளை. ஒரு பெரிய சுற்றுச் சுற்றி உலகம் எங்கள் பாட்டனாரின் சுண்ணாம்புச் சுவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று சிரிக்கலாம். ஆனால் இதிலுள்ள வியாபாரத்தையும் கவனிக்க வேண்டும். போக்கு ஒவ்வோர் ஆண்டும் மாறினால்தான் வர்ணம் விற்கும். ஒரு தடவை அடித்த நிறத்தோடு பத்து வருடம் இருக்கப்போகும் குடும்பம் ஆண்டின் நிறத்தைப் பின்தொடரத் தேவையில்லை.

ஆண்டுக் கணக்கை விட்டுப் பொதுவாகப் பார்த்தால், தற்போது மூன்று மாற்றங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, குளிர்ந்த சாம்பல் நிறத்திலிருந்து வெதுவெதுப்பான மண் நிறங்களுக்கு நகர்வது. கிறீம், மணல் நிறம், ஓட்டுச் சிவப்பு, காய்ந்த இலைப் பச்சை போன்றவை இதில் அடங்கும்.

இரண்டாவது, மினுக்கத்திலிருந்து மங்கலான பூச்சுக்கு நகர்வது. கையால் பூசியது போன்ற தோற்றம் தரும் சுண்ணாம்புப் பூச்சுக்கு மேலை நாடுகளில் இப்போது நல்ல மதிப்பு.

மூன்றாவது, பிளாஸ்ரிக்கிலிருந்து இயற்கைப் பொருளுக்கு நகர்வது. பிரம்பு, சணல், களிமண், கைத்தறி, மரம் ஆகியவை திரும்பி வருகின்றன.

இலங்கையின் தெற்கில் இந்தப் போக்குக்கு ஏற்கனவே ஒரு வேர் இருந்தது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா (1919 - 2003) வளர்த்தெடுத்த முறையில் வெள்ளைச் சுவர், மினுக்கிய சீமெந்துத் தரை, திறந்த முற்றம், கருமரத் தூண் ஆகியவை முக்கிய கூறுகள். இன்று கொழும்பிலும் தென்கரையிலும் கட்டப்படும் விடுதிகளும் புதிய வீடுகளும் அதையே பின்பற்றுகின்றன. 2020 முதல் தரையோடுகளுக்கும் குளியலறைப் பொருட்களுக்கும் விதிக்கப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 2022இல் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனதும் இன்னொரு தள்ளுதலைக் கொடுத்தன. ஓட்டின் விலை ஏறியபோது மினுக்கிய சீமெந்துத் தரை அழகாகவும் தெரிந்தது, கட்டுப்படியாகவும் இருந்தது.

வடக்கு, கிழக்கில் காட்சி கொஞ்சம் வேறு. போர் முடிந்த பின் வந்த முதல் அலை கடும் நிறங்களின் அலை. ஊதா, செம்மஞ்சள், கிளிப்பச்சை முன்சுவர்கள், மினுங்கும் வெள்ளைத் தரையோடு, பளிங்கு போன்ற தூண்கள், வளைவுகள் என்று வீடுகள் எழுந்தன. தமிழகத்துச் சினிமா வீடுகளின் செல்வாக்கும், புலம்பெயர் உறவுகள் அனுப்பிய படங்களின் செல்வாக்கும் அதில் இருந்தன. அந்த நிறங்களைப் பார்த்து முகம் சுழித்தவர்கள் உண்டு. ஆனால் முப்பது வருடம் தகரத்தையும் கிடுகையும் பார்த்த கண்ணுக்கு ஊதா நிறம் வேண்டியிருந்தது என்பதையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது இரண்டாவது அலை. சாம்பலும் வெள்ளையும், கறுப்பு அலுமினிய யன்னல், மரம் போன்ற பிளாஸ்ரிக் பலகை ஒட்டிய ரீவிச் சுவர், ஜிப்சம் சீலிங், அதற்குள் மறைத்த எல்ஈடி விளக்கு, குசினியில் பன்ரி அலுமாரி ஆகியவை புதிய வீடுகளில் காணப்படுகின்றன. இவற்றில் சில எமது காலநிலைக்குப் பொருந்தும், சில பொருந்தாது. சாதாரண ஜிப்சம் பலகைக்கு ஈரம் ஆகாது. கூரை ஒழுகும் வீட்டில் அது நிலைக்காது. துணுக்குப் பலகையால் செய்த மலிவான பன்ரி அலுமாரி, தண்ணீர் படும் இடத்தில் வீங்கி வெடிக்கும். அலுமாரிக்கு முன் கூரையைத் திருத்துங்கள் என்று சொல்லும் மேசனின் பேச்சைக் கேட்பது இலாபம்.

நிறம் வெப்பத்தை என்ன செய்கிறது?

புதிதாக அடித்த வெள்ளை வர்ணம் அதன் மேல் படும் வெயிலில் ஐந்தில் நான்கு பங்கு அளவைத் திருப்பி அனுப்பும். கறுப்பும் கடும் சாம்பலும் பெரும்பகுதியை உறிஞ்சிச் சுவரைச் சூடாக்கும். சீமெந்துக் கல் பகலில் உறிஞ்சிய வெப்பத்தை இரவில் வீட்டுக்குள் விடும். இரவு பத்து மணிக்கும் அறைக்குள் இருக்க முடியாமல் விறாந்தையில் பாய் போடுவது இதனால்தான். எனவே வெளிநாட்டுப் படத்தில் அழகாகத் தெரியும் கடும் சாம்பல் நிற வெளிச்சுவர், கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ மின்விசிறிச் செலவாக மாறும்.

திசையையும் பார்க்க வேண்டும். மாலை வெயிலை வாங்கும் மேற்குச் சுவருக்கே வெளிர் நிறம் மிகவும் தேவை. ஏப்ரல் நடுப்பகுதி தொடக்கம் ஓகஸ்ற் கடைசி வரை யாழ்ப்பாணத்தில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கமாகச் சரிந்து நிற்கும். மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாக நிற்கும். வெயில் கடுமையான நாட்களில் வடக்கு யன்னலுக்கும் நிழல் தேவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எல்லாவற்றிலும் அதிக வெயிலை வாங்குவது கூரைதான். தகரக் கூரைக்கு வெள்ளை நிறக் கூரைப் பூச்சு அடித்தால் உள்ளே வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் மிகுந்த கவனம் தேவை. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. இலங்கையில் அதைக் கட்டுப்படுத்த அறிவிக்கப்பட்ட தடை, 2017 டிசெம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியதை அடுத்துப் பின்போடப்பட்டது. வீட்டில் ஏற்கனவே அந்தச் சீற் இருந்தால் அதைக் கம்பித் தூரிகையால் சுரண்டவோ, காய்ந்த நிலையில் கூட்டவோ, துளையிடவோ கூடாது. உடைந்த துண்டுகளை முற்றத்தில் போட்டு மிதிக்கவும் கூடாது. நல்ல நிலையில் உள்ள சீற்றைச் சுரண்டாமல், நனைத்து மெதுவாகத் துடைத்து, மேலே பூச்சுப் பூசுவது அதை அப்படியே விடுவதிலும் பார்க்கப் பாதுகாப்பானது.

வெளிச்சமும் சிறிய அறையும்

ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதற்கு 0 முதல் 100 வரையான அளவு ஒன்று உண்டு. பெரிய வர்ண நிறுவனங்களின் நிற அட்டையில் அந்த இலக்கத்தைக் காணலாம். தூய வெள்ளை 80க்கு மேல் இருக்கும், கடும் நிறங்கள் 20க்குக் கீழே இருக்கும். ஒரே ஒரு சிறிய யன்னல் உள்ள திட்ட வீட்டு அறைக்கு 60க்கு மேற்பட்ட நிறம் நல்லது. மாலை விளக்கை அரை மணித்தியாலம் பிந்திப் போடலாம். மின்கட்டணம் 2022 ஓகஸ்ற்றில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கூட்டப்பட்டதை அனுபவித்தவர்களுக்கு இது சின்ன விடயம் அல்ல.

நிறங்களைச் சேர்ப்பதற்கு வடிவமைப்பாளர்கள் 60, 30, 10 என்ற கணக்கைச் சொல்வார்கள். அறையின் 60 பங்கு சுவரின் வெளிர் நிறம், 30 பங்கு திரைச்சீலை, கதிரை, அலுமாரி ஆகியவற்றின் நிறம், 10 பங்கு கண்ணில் படும் கடும் நிறம். பிடித்த கடும் நிறத்தைச் சுவர் முழுவதும் அடிக்காமல் ஒரு கதவுக்கோ, யன்னல் நிலைக்கோ, ஒரு தலையணை உறைக்கோ கொடுத்தால் செலவும் குறையும், மாற்றுவதும் எளிது. சீலிங்குக்கு வெள்ளை, சுவருக்கு அதைவிட ஒரு படி கூடிய நிறம் என்றால் உயரம் குறைந்த அறையும் விசாலமாகத் தெரியும்.

கடையில் அட்டையில் பார்த்த நிறம் வீட்டில் வேறாகத் தெரிவதற்கு மின்குமிழ் ஒரு காரணம். எமது வீடுகளில் அதிகம் இருப்பது 6500 கெல்வின் எனக் குறிக்கப்பட்ட வெண்ணீல வெளிச்சம். அதன் கீழ் கிறீம் நிறம் வெளிறும், மண் நிறம் சாம்பலாகும். 3000 கெல்வின் குமிழின் கீழ் அதே சுவர் மஞ்சள் பூசியது போல இருக்கும். ஒரு சிறிய ரின் வாங்கிச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காலை, நண்பகல், இரவு மூன்று நேரமும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வாளிக்குள் என்ன இருக்கிறது?

சுவருக்கு அடிக்கும் இமல்சன் தண்ணீரில் கரையும் வர்ணம். கதவு, கிறில், யன்னலுக்கு அடிக்கும் எனமல் பெரும்பாலும் எண்ணெய் வகை. ஆபத்து அதிகம் இருப்பது இரண்டாவதில்தான். மஞ்சள், சிவப்பு, பச்சை எனமல்களுக்கு ஈயம் கலந்த நிறப்பொருட்கள் நீண்டகாலம் பயன்பட்டன. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இலங்கையில் 2011இல் வெளியான வர்த்தமானி மூலம் வர்ணத்தில் ஈயத்தின் அளவுக்கு எல்லை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது இமல்சனுக்குக் கிலோகிராம் ஒன்றுக்கு 90 மில்லிகிராம், எனமலுக்கு 600 மில்லிகிராம் என்று அளவு குறிக்கப்பட்டது. எனவே அதற்கு முன் வர்ணம் அடித்த கதவுகளும், இடிந்த வீட்டிலிருந்து எடுத்து மீண்டும் பொருத்திய நிலைகளும், பழைய பள்ளிக்கூட மேசைகளும் சந்தேகத்துக்குரியவை. அவற்றைக் காய்ந்த நிலையில் உரஞ்சுதாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். நனைத்துத் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் எடுத்து, பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் தள்ளி வைத்து வேலை செய்யுங்கள். புது வர்ணம் வாங்கும்போது ஈயம் சேர்க்கப்படாதது என்ற குறிப்பையும் இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் முத்திரையையும் பாருங்கள். பெயர் தெரியாத ரின்னில் மிச்சம் பிடிக்கும் இரண்டாயிரம் ரூபா மிச்சம் அல்ல.

எப்போது, எவ்வளவு?

எமது ஊர்களில் தைப்பொங்கலுக்கும் நத்தாருக்கும் முன் வர்ணம் அடிப்பது வழக்கம். ஆனால் வாடைக்காற்றோடு மழை கொட்டும் காலமும் அதுதான். ஈரச் சுவரில் இமல்சன் அடித்தால் சில மாதங்களில் கொப்பளித்து உரியும். மழை ஓய்ந்து சுவர் காய்ந்த பின், மாசி, பங்குனியில் அடித்துச் சித்திரைப் புத்தாண்டுக்கு முடிப்பது சுவருக்கு நல்லது. சோழகக் காற்று தொடங்கினால் தூசி ஒட்டும். புதுப் பூச்சு என்றால் குறைந்தது நான்கு வாரம் காய விடுங்கள். சீமெந்தின் காரம் அடங்காமல் அடித்த நிறம் திட்டுத் திட்டாக வெளிறும்.

கரையோரக் கிராமங்களில் சுவரின் அடிப்பகுதியில் உவர் பூத்து வெள்ளைப் பொடியாக உதிர்வதைக் காணலாம். நிலத்தடி ஈரம் உப்பைக் கொண்டு மேலே ஏறி, சுவரின் மேற்பரப்பில் காயும்போது நடப்பது இது. அதன் மேல் இறுக்கமான வர்ணம் அடித்தால் ஈரம் அடைபட்டு, அடுத்த முறை பூச்சோடு சேர்ந்து விழும். உப்பைத் தட்டி எடுத்து, கூரைத் தண்ணீர் அத்திவாரத்தில் விழாமல் செய்து, அந்த இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதே மலிவான வழி. சன்னம் பட்ட, வெடிப்புள்ள பழைய சுவர்களிலும் முதலில் தளர்ந்த பூச்சைத் தட்டி எடுத்து, ஓட்டையை அடைத்து, காய விட்டபின்தான் நிறம்.

கணக்கு ஒன்றும் கடினம் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, பத்தடி உயரம் என்றால் சுவர்ப் பரப்பு 440 சதுர அடி. ஒரு கதவும் இரண்டு யன்னலும் கழித்தால் ஏறத்தாழ 390 சதுர அடி, அதாவது 36 சதுர மீற்றர். ஒரு லீற்றர் இமல்சன், மட்டமான சுவரில் ஒரு தடவைக்குப் 10 சதுர மீற்றர் வரை போகும். இரண்டு தடவைக்கு 7 முதல் 8 லீற்றர், அதாவது 4 லீற்றர் ரின் இரண்டு போதும். பூச்சு கரடுமுரடு என்றால் இன்னும் கூடும்; முதலில் அடிப்பூச்சு ஒன்று அடித்தால் நிறம் மிச்சமாகும். கடைக்குப் போகமுன் இந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொண்டு போனால், தேவைக்கு மேல் வாங்கிக் கடனைக் கூட்டிக்கொள்ள வேண்டியதில்லை. காசு ஓர் அறைக்குத்தான் போதும் என்றால் பிள்ளைகள் படிக்கும் அறையை முதலில் அடியுங்கள், முன்சுவர் காத்திருக்கலாம்.

எமது கைக்கு எட்டிய பொருட்கள்

உலகப் போக்கு இயற்கைப் பொருளுக்குத் திரும்பியிருப்பது எமக்கு ஒரு வாய்ப்பு. 1978இல் உருவாக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களிலும், ஊர்ப் பெண்களின் கூட்டுறவுகளிலும் சாயம் தோய்த்த பனையோலைப் பெட்டி, தட்டு, பாய் என்பன கிடைக்கின்றன. கொழும்பு விடுதிகளின் சுவரில் வட்ட வட்டமாகத் தொங்குவது எங்கள் குசினியில் புழங்கிய சுளகும் தட்டும்தான். மருதமுனைக் கைத்தறித் துணி திரைச்சீலைக்கு நன்றாகப் பொருந்தும், காற்றையும் விடும். இவற்றை வாங்கும் காசு ஒரு குடும்பத்தலைவியின் கைக்கு நேரே போகக்கூடிய காசு. செம்மண் நிறத் தரையை இழைக்கத் தெரிந்த மேசன்மார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பழகும் இளைஞர்கள்தான் குறைவு.

எல்லோரும் நடமாடக்கூடிய வீடு

காலை இழந்தவர்களும், பார்வை குறைந்தவர்களும், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களும் எமது வீடுகளில் இருக்கிறார்கள். அழகைப் பற்றிய பேச்சில் அவர்கள் கடைசியாக வரக்கூடாது. சக்கர நாற்காலிக்குக் கதவு விரிவு குறைந்தது 32 அங்குலம் வேண்டும். சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் இருக்க வேண்டும். ஒன்றரை அடி மேடைக்கு 18 அடி. மினுங்கும் தரையோடு ஊன்றுகோலுக்கு வழுக்கும், கரடான சீமெந்துத் தரை அதைவிட மேல். பார்வை குறைந்தவர் உள்ள வீட்டில் சுவர் வெளிர் நிறம், கதவு நிலை கடும் நிறம், படியின் விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு. இவ்வளவுதான். எல்லாமே வெள்ளை, எல்லாமே சாம்பல் என்ற இன்றைய போக்கு இந்த இடத்தில் ஆபத்தானது.

நீல நிறம் அமைதி தரும், பச்சை மனநோயை ஆற்றும் என்று உறுதியாகச் சொல்பவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். ஒரு நிறம் எல்லோருக்கும் ஒரே உணர்வைத் தருவதில்லை. உளக்காயம் பட்டவர்களுக்கான தங்குமிடங்களை வடிவமைப்பவர்கள் நிறத்தைவிட வேறு சிலவற்றுக்கே முதலிடம் கொடுக்கிறார்கள்: பகல் வெளிச்சம், படுக்கையிலிருந்து கதவு தெரிவது, திடீர்ச் சத்தம் குறைவது, தன் அறையைத் தானே ஒழுங்குபடுத்தும் சுதந்திரம். பதுங்குகுழிக்குள் இருந்த ஒருவருக்கு இருண்ட நிறச் சுவர் பிடிக்காமல் இருக்கலாம். வீட்டில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு அடியுங்கள்.

படங்கள் தொங்கும் சுவர்

உள்ளலங்காரப் புத்தகங்கள் சொல்வதில் எமக்குப் பொருந்தாத ஒன்று உண்டு. சொந்தப் படங்களைக் குறையுங்கள், சுவரை வெறுமையாக விடுங்கள் என்பார்கள். எங்கள் வீடுகளில் ஹோலின் நடுச்சுவர் படங்களுக்கு உரியது. மாலை போட்ட படங்களும் இருக்கும். மாலை போடாத, பொட்டு வைக்காத, விளக்கு ஏற்றாத படங்களும் இருக்கும். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்துக்கு அந்தத் தாய்மார் ஏந்தி வந்தவை இந்த இரண்டாவது வகைப் படங்கள்தான். வீட்டின் மிக முக்கியமான பொருள் அதுவென்றால், சுவரின் நிறத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வர்ணம் அடித்தபோது நான் நிற அட்டைகளோடு நின்றேன். அம்மா அவற்றைப் பார்க்கவேயில்லை. பெயின்ரரிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, எந்த நிறமெண்டாலும் அடியுங்கோ. மாமாவின்ர படத்துக்கு வெயில் படக்கூடாது." அந்தப் படம் சொப்பிங் பையில் சுற்றி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் எங்களோடு வந்தது. வேறு பிரதி கிடையாது. அப்போது எனக்கு அது நிறத்தோடு தொடர்பில்லாத பேச்சாகப் பட்டது. இப்போது யோசித்தால், அந்த அறையை எப்படி அமைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தவர் அவர்தான்.

படச்சுவருக்குச் சில நடைமுறைகள் உண்டு. நேர்வெயில் விழாத உட்சுவரைத் தெரிவு செய்யுங்கள். மேற்கு வெளிச்சுவரும், குளியலறையை ஒட்டிய ஈரச்சுவரும் வேண்டாம். மினுங்காத, வெளிர் மண் நிறமோ கிறீமோ படத்தை எடுத்துக் காட்டும். கண்ணாடியில் எதிரொளியும் குறையும். சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றுப் போகும். கண்ணாடி படத்தில் நேராக ஒட்டக்கூடாது; இடையில் ஒரு அட்டை வையுங்கள். ஒட்டிப்போன பழைய படத்தை நீங்களாக உரிக்க வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் முன், வர்ணம் அடிக்கப் படங்களை இறக்கும் அந்த நாளிலேயே ஒவ்வொன்றையும் ஸ்கான் செய்து இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். மூலப் படம் மங்கினாலும் முகம் மிஞ்சும்.

வர்ணம் காய்ந்ததும் ஆணி அடித்த பழைய இடத்திலேயே அம்மா படத்தைத் திரும்ப மாட்டினார். சுவர் வெளிர் மணல் நிறம். வெயில் அங்கே வருவதில்லை.